பட்டாளத்துப் பாட்டியின் தண்ணீர்ச் சொம்பு



தீபாவளி நெருங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மூதாட்டியின் நினைவு வந்துவிடும். பலகாரம் சுட அடுப்பு மூட்டும் வேளையிலும், பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கும் வேளையிலும் அவர் முகம் கண்முன் வந்து நிற்கும். இந்த இதழில் அவரைப் பற்றி உங்களிடம் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மனத்தில் கிடக்கும் ஒரு குற்ற உணர்ச்சியை இறக்கி வைக்கிறேன் என்றும் நீங்கள் வைத்துக் கொள்ளலாம்.

அப்போது எனக்குப் பத்து வயது. 1988ஆம் ஆண்டு. பத்து பெரண்டாம் வட்டாரத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட இடங்களில் அன்று கித்தா மரங்கள் நின்றன. எங்கள் லயத்தின் கோடி வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். என் பாட்டிக்குத் தங்கை முறை. ஊரில் எல்லாரும் அவரைப் “பட்டாளத்துப் பாட்டி” என்றே அழைப்பார்கள். கிராணியார் முதல் ஆயாக் கொட்டகை அம்மா வரை அந்தப் பெயர்தான்.

பாட்டி லேசான ஆள் அல்ல. அறுபது வயதைத் தாண்டியும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார். ஆனால் தீபாவளி வந்துவிட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். பையன்கள் மூங்கிலைத் துளைத்துக் கார்பைடு போட்டு வெடிக்கும் சத்தம் கேட்டால், கதவைச் சாத்திக் கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்து கொள்வார். ஒரு நாள் முழுக்கச் சாப்பிட மாட்டார். இது தெரிந்த நாங்கள், பிள்ளைகள், என்ன செய்தோம் தெரியுமா? அவர் முதுகுப்பக்கம் சத்தமில்லாமல் போய் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுவோம். பாட்டி துள்ளிக் குப்புற விழுவார். நாங்கள் சிரித்துக் கொண்டே ஓடுவோம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

பாட்டியின் வாசலில், உள்பக்கமாக, எப்போதும் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் இருக்கும். அதை யாரும் தொடக் கூடாது. பாட்டி ஏதோ மந்திரம் செய்து வைத்திருக்கிறார் என்று லயத்தில் பேச்சு. அதன் காரணம் எனக்குத் தெரிய வந்தபோது டின் தட்டும் வயதை நான் கடந்துவிட்டிருந்தேன்.

பாட்டி உண்மையாகவே பட்டாளத்தில் இருந்தவர். 1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று ஒரு படை அமைக்கப் போவதாக அறிவித்தார். அதுவே ஜான்சி ராணிப் படை. சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த சென்னைப் பெண்மணி லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவி ஆனார். அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. படையில் சேர்ந்தவர்கள் ஆயிரம் பேர் என்று சொல்வார்கள்; பின்னாளில் ஆராய்ந்தவர்களில் சிலர் ஐந்நூறு பேர் அளவில்தான் இருக்கும் என்கிறார்கள். எண்ணிக்கை எதுவானாலும், அவர்களில் பெரும்பகுதியினர் மலாயாவின் தமிழ்ப் பெண்கள் என்பதிலும், பலர் பால்வெட்டுக் கத்தி பிடித்த கையால் துப்பாக்கி பிடித்தவர்கள் என்பதிலும் ஐயமில்லை.

அந்தப் பெண்கள் ஏன் சேர்ந்தார்கள்? நாட்டுப்பற்று உண்டு, நேதாஜியின் பேச்சு உண்டு. அதோடு தோட்டத்து நிலைமையையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஜப்பானியர் காலத்தில் அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்குதான் சோறு. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஆட்களைப் பிடித்துப் போனார்கள். போனவர்களில் எத்தனையோ ஆயிரம் தமிழர்கள் திரும்பவில்லை. பாட்டியின் அப்பாவும் அப்படிப் போனவர்தாம். “சயாமுக்குப் போனாரு” என்பதுதான் அவரைப் பற்றி வீட்டில் பேசும் கடைசி வாக்கியம். அப்பா இல்லாத வீட்டிலிருந்து பதினேழு வயதில் பாட்டி படைக்குப் போனார்.

துப்பாக்கி சுடவும், கையெறி குண்டு வீசவும், இரவில் மூட்டை சுமந்து மைல் கணக்கில் நடக்கவும் அங்கே பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் தாதிமைப் பயிற்சி பெற்றார்கள். 1944இல் பர்மாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் ரங்கூனிலும் மேமியோவிலும் இருந்தார்கள். இம்பால் போர்முனை அந்த ஆண்டின் நடுவில் தோல்வியில் முடிந்தது. காயம்பட்டும், மலேரியாவாலும் வயிற்றுக் கடுப்பாலும் நலிந்தும் திரும்பி வந்த வீரர்களைப் பெண்கள் பராமரித்தார்கள். ரங்கூனில் இருந்த ராணுவ மருத்துவமனையே 1945இல் குண்டுவீச்சுக்கு ஆளானது. அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் நேதாஜி ராணிப் படைப் பெண்களை அழைத்துக் கொண்டு ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். பகலில் விமானத்துக்கு அஞ்சி ஒளிந்து, இரவில் சேற்றிலும் மழையிலும் நடந்தார்கள். பாங்காக் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆயின. ஊருக்குத் திரும்பிக் கொண்டிருந்த வேறொரு கூட்டத்தில், ரயில் தாக்கப்பட்டு இரு பெண்கள் உயிர் இழந்தார்கள்.

ஆகஸ்டு மாதம் ஜப்பான் சரணடைந்தது. படை கலைந்தது. பெண்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

சகோதரிகளே, நம்முடைய விழா மேடைகளில் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். “வீரத் தாய்மார்கள் வாழ்க” என்று கைதட்டி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்பி விடுவோம். வீட்டுக்குத் திரும்பிய அந்தப் பெண் அன்றிரவு எப்படித் தூங்கினாள் என்று நாம் கேட்டதில்லை.

பாட்டி திரும்பி வந்த சில மாதங்களில் கல்யாணம் செய்து வைத்தார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போனார். மரம் வெட்டினார், பால் சுமந்தார், பிள்ளை பெற்றார். ஆனால் நடுராத்திரியில் அலறி எழுவார். படுத்தால் கதவுப் பக்கம் தலை வைத்துத்தான் படுப்பார். விமானச் சத்தம் கேட்டால் பால் வாளியைப் போட்டுவிட்டு மரத்தடியில் ஒண்டிக் கொள்வார். பத்து பெரண்டாமில் விமான நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்திலிருந்து அவர் எங்கே ஓட முடியும்?

திடீரென்று கோபம் வரும். பிறகு இரண்டு நாள் யாரிடமும் பேச மாட்டார். பர்மாவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவார். நாள் செல்லச் செல்ல உடம்பும் கெட்டது. நெஞ்சுப் படபடப்பு, தலைவலி, வயிற்று எரிச்சல், பிறகு ரத்த அழுத்தம், இனிப்பு நீர். தோட்டத்து டிரஸ்ஸர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். பூசாரி வேப்பிலை அடித்தார். பர்மாக் காட்டில் காற்றுக் கருப்பு அண்டிவிட்டது என்றார்கள். “ஆம்பளைங்களோட பட்டாளத்திலே திரிஞ்சவ, ராங்கி புடிச்சவ” என்று சொன்னவர்களும் உண்டு. ஐம்பது ஆண்டுகளில் எல்லாரும் ஏதாவது ஒன்று சொன்னார்கள். என்ன நடந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன் என்று பெருமை பேச மாட்டேன். எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஒரு நாள் இரவு மின்சாரம் நின்றுபோனது. பாட்டிக்குத் துணையாகப் படுத்திருந்தேன். இருட்டில் கால் தடுக்கி அந்தச் சொம்பை உருட்டிவிட்டேன். திட்டுவார் என்று பயந்து நின்றேன். பாட்டி எழுந்து, மறுபடியும் தண்ணீர் மொண்டு வைத்துவிட்டுத் தானாகவே சொன்னார்:

“ஒரு பையன் புள்ள. ஒங்க அண்ணன் வயசுதான் இருக்கும். காலு இல்லே. தண்ணி கேட்டான். நான் எடுக்கப் போனேன். அதுக்குள்ளே குண்டு விழுந்திருச்சு. திரும்பி வந்தா கட்டிலும் இல்லே, அவனும் இல்லே. இன்னமும் கேக்குறான். கிட்டத்துலேயே வெச்சுக்கிட்டா ஒடனே குடுத்துடலாம்ல?”

அவ்வளவுதான். அன்று முழுக்க அவர் கையைப் பிடித்துக் கொண்டு படுத்திருந்தேன். டின் தட்டிய கை அது.

பாட்டிக்கு வந்தது காற்றுக் கருப்பும் இல்லை, ராங்கியும் இல்லை. அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய் என்று தமிழில் சொல்லலாம். முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு வந்தபோது “குண்டு அதிர்ச்சி” என்று அழைத்தார்கள். 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதை முறையான நோயாகத் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். அதாவது, பாட்டி வீடு திரும்பி முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

இதன் அறிகுறிகளை மூன்றாக நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். முதலாவது, நடந்து முடிந்தது இப்போதே நடப்பதுபோல் கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வருவது. இரண்டாவது, அதை நினைவூட்டும் இடம், பேச்சு, ஆள் ஆகியவற்றை விட்டு ஒதுங்குவது. மூன்றாவது, ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது என்ற விழிப்பு; சிறு சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது. இவை வாரக் கணக்கில், மாதக் கணக்கில் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குலைத்தால் அது நோய். சோறு வேகாத வீட்டில் வரும் சாதாரணக் கவலை அல்ல.

போரில் பணியாற்றிய பெண்களுக்கு இது வருமா, அவர்கள்தான் பெரும்பாலும் துப்பாக்கி சுடவில்லையே என்று சிலர் கேட்பார்கள். வியட்நாம் போருக்குச் சென்ற அமெரிக்கப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் தாதியர்கள். அக்காலத்தில் ராணுவத்தில் பணியாற்றிய பெண்களை ஆராய்ந்து 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வியட்நாமிலேயே பணி செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு காலத்தில் இந்த நோய் இருந்திருக்கிறது. போர் முடிந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆன பின்னும் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு அது நீங்கவில்லை. இளம் பையன்கள் கைக்குள்ளேயே சாவதைப் பார்த்தவர்கள் அவர்கள். சாவைத் தடுக்க முடியாமல் நிற்பதும் ஒரு காயந்தானே? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராணுவத்தில் தம்மோடு பணியாற்றும் ஆண்களாலேயே தொல்லைக்கும் வன்முறைக்கும் ஆளாகி இந்த நோய்க்கு இலக்கான பெண்களும் பல நாடுகளில் உண்டு.

மனக்காயம் மனத்தோடு நிற்பதில்லை என்பதுதான் நாம் முக்கியமாக அறிய வேண்டியது. ஆபத்து வரும்போது ஓடவோ எதிர்க்கவோ நம் உடம்பு தயாராகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஆபத்து நீங்கியதும் எல்லாம் தணிய வேண்டும். இந்த நோய் கண்டவர்களுக்குத் தணிவதே இல்லை. தூக்கமும் இல்லாமல் ஆண்டுக் கணக்கில் அப்படியே ஓடினால் எந்த இயந்திரம் தாங்கும்? அமெரிக்காவின் முன்னாள் பெண் ராணுவத்தினரை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவின்படி, இந்த மனநோய் உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பினால் வரும் இதய நோய் தாக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 44 விழுக்காடு அதிகம். தாதியர்களைப் பல்லாண்டு கவனித்து 2015இல் வந்த மற்றோர் ஆய்வில், இதன் அறிகுறிகள் மிகுதியாக இருந்தவர்களுக்கு இனிப்பு நீர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. பாட்டியின் இனிப்பு நீருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மனம் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று பிரித்து, உடம்புக்கு மட்டும் மாத்திரை கொடுத்தது போதவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

அதற்காக, படைக்குப் போன பெண்கள் எல்லாரும் நொந்து போனார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. லட்சுமி சாகல் என்று பின்னாளில் அறியப்பட்ட லட்சுமி கான்பூரில் முதிய வயது வரை ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து 2012இல் மறைந்தார். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர், ஜானகி ஆதி நாகப்பனாக, மலாயா இந்தியர் காங்கிரஸ் 1946இல் உருவானபோது அதன் தொடக்க கால உறுப்பினர்களில் ஒருவரானார். அவர் 2014இல் காலமானார். தமக்கையோடு படைக்குப் போன ராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, 1960களில் ஆசிரியைகளுக்கு ஆண்களுக்கு நிகரான சம்பளம் வேண்டும் என்று போராடினார். இன்று ஆண் ஆசிரியருக்கு நிகராக நான் சம்பளம் வாங்குவதில் அவருக்கும் பங்குண்டு.

இவர்கள் உள்ளத்தில் என்ன இருந்தது என்று நாம் அறியோம். ஆனால் இந்நோயை ஆராய்ந்தவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதிர்ச்சிக்குப் பிறகு ஒருவருக்குக் கிடைக்கும் ஆதரவு பெரிய மருந்து. பக்கத்தில் இருப்பவர்களின் ஏளனமும் அலட்சியமும் காயத்தை ஆற விடுவதில்லை. ஜானகியும் ராசம்மாவும் செய்த காரியத்தை ஊர் மதித்தது. பேச மேடையும் தோழிகளும் இருந்தனர். எங்கள் பாட்டிக்கு இருந்தது கோடி வீடும் பால் வாளியும்தான். கூடப் படையில் இருந்த தோழி ஒருத்தியையாவது அவர் பிறகு பார்த்தாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

சகோதரிகளே, ராணிப் படைப் பெண்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் இருந்தால் அவர்கள் நூறு வயதை ஒட்டியவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு இனி நாம் செய்யக் கூடியது குறைவு. ஆனால் இந்தக் காயம் போரில் மட்டும் வருவதில்லை. நம் பிள்ளைகளில் ராணுவத்திலும் போலீஸிலும் தீயணைப்புப் படையிலும் பணியாற்றும் பெண்கள் உண்டு. மருத்துவமனையில் சாவுகளைப் பார்த்த தாதியர் உண்டு. லாரி விபத்தில் தப்பியவள், புருஷனிடம் அடிபட்டே காலம் கழித்தவள், கண்ணெதிரே பிள்ளையைப் பறிகொடுத்தவள், இப்படி ஒவ்வொரு வரிசை வீட்டிலும் ஒருத்தி இருக்கக் கூடும்.

அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில், கேலி செய்யாதீர்கள். பிள்ளைகளையும் செய்ய விடாதீர்கள். வெடி வெடிக்கப் போகிறோம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூங்குபவரைத் தொட்டு உலுக்காமல், சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி எழுப்புங்கள்.

அடுத்து, தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். “நான் பக்கத்தில் இருக்கிறேன், சொல்லணும்னு தோணினா சொல்லுங்க” என்றால் போதும். சொல்லும்போது நடுவில் புத்தி சொல்லாதீர்கள். “அதையெல்லாம் மறந்துடு” என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மறக்க முடிந்தால் அவர் மறந்திருக்க மாட்டாரா?

மூன்றாவதாக, அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். “தலைவலி, படபடப்பு” என்பதோடு நிறுத்தாமல், “ராத்திரி அலறி எழுந்திருக்கிறாங்க, இன்ன சம்பவத்துக்குப் பிறகு இப்படி இருக்கிறாங்க” என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயிற்சி பெற்றவர்கள் பக்குவமாகப் பேசியே அந்த நினைவின் வேகத்தைத் தணிக்கும் சிகிச்சைகள் இன்று உண்டு, மாத்திரைகளும் உண்டு. ஆண்டுகள் பல ஆனாலும் குணம் கிடைக்கிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தனியே விடவும் கூடாது.

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வாருங்கள். வந்த பிறகு கிளினிக்குக்கும் போங்கள்.

பட்டாளத்துப் பாட்டி 1996ஆம் ஆண்டு இறந்தார். கொள்ளி வைத்துத் திரும்பிய அன்று வீட்டைக் கழுவினார்கள். யாரோ அந்தச் சொம்புத் தண்ணீரை வாசலில் கொட்டப் போனார்கள். நான் வாங்கிக் கொண்டுபோய், பாட்டி நட்டு வைத்திருந்த முருங்கையின் அடியில் ஊற்றினேன். அந்தப் பையன் பெயர் என்னவென்று நான் கேட்டு வைத்துக் கொள்ளவில்லை. பாட்டிக்காவது தெரிந்திருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.

இந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், கதவைச் சாத்திக் கொண்டு உள்ளே உட்காரும் பெண்மணி யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். ஒரு தட்டுப் பலகாரம் எடுத்துக் கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். நான் பத்து வயதில் செய்திருக்க வேண்டியது அதுதான்.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை,
பத்து பெரண்டாம்